நிரம்பிக்கொண்டே இருந்த கோப்பை

கண்ணாடிக் கூஜாவிலிருந்து கறுப்பாக விழுந்துகொண்டே இருக்கிறது காப்பி, கோப்பைக்குள் நியான் விளக்கின் சிவப்பு நெளிகிறது, போதும் என்று நான் சொல்வதற்குள் விளிம்புவரை நிரப்பிவிட்டு ஹனி என்கிறாள் பரிமாறுகிற டோரிஸ், போய்ச்சேர்ந்த என் மனைவி உமையாள்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, மிச்சம் வைத்தால் ஊற்றியவளுக்கு மரியாதையில்லை என்று நான் காலி செய்கிறேன், காலியானதால் இன்னும் கேட்கிறேன் என்று அவள் ஊற்றுகிறாள், இப்படியே ஒரு கண்மாயைக் குடித்திருப்பேன், நியூஜெர்சி நெடுஞ்சாலையோரம் தடம்புரண்ட ரயில்பெட்டி மாதிரி மினுங்கும் இந்தப் பழைய டைனர் ஓட்டலுக்கு ஞாயிறு தவறாமல் கூட்டி வருகிறான் என் மகன் மதிவாணன், மகன் இவ்வளவு கவனித்தால் தகப்பன் சந்தேகப்படாமல் என்ன செய்வான், மின்வாரியத்தில் மீட்டர் திருட்டைப் பிடித்தே ஓய்வுபெற்ற கண் இது, சுற்றிப் பார்க்கிறேன், சிவப்பு இருக்கைகளில் எல்லாம் நரைத்த தலைகள், இருப்பதில் இளையவருக்கே நூற்றிருபது வயதிருக்கும், எதிரே இருக்கிற முதியோர் இல்லத்து வேன்தான் அவர்களைக் கொண்டுவந்து இறக்குகிறது, அதே சீட்டு, அதே பாட்டுப்பெட்டி, எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க பாருங்கப்பா என்கிறான் இவன், ஆகா, என்னைப் பழக்குகிறான், உமையாளுக்கு என் அண்ணன் மகன் கொள்ளி வைத்தபோது, வரமுடியலப்பா என்று போனில் இவன் சொன்னதோடு சரி, அதன்பிறகு இருவரும் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை, தாய்க்கு வராதவன் தகப்பனையா வைத்துக்கொள்ளப் போகிறான், ஆளுயரப் பேன்கேக் அடுக்கிலிருந்து வெண்ணெய் வழுக்கி இறங்குகிறது, கேட்டுவிட்டேன், எதுத்தாப்புல எனக்கு எந்த ரூம்டா பாத்து வச்சிருக்க.

முள்கரண்டி அந்தரத்தில் நின்றது, என்னப்பா பேசுறீங்க என்றான், அம்மா போன அன்னிக்கு இங்க பனிப்புயல், ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க, வீட்ல புள்ளைங்க முன்னாடி அழ முடியல, நடந்தே வந்து இந்த சீட்லதான் உக்காந்திருந்தேன், இந்த டோரிஸ் ஒண்ணுமே கேக்கல, பொழுது சாயிறவரைக்கும் ஊத்திக்கிட்டே இருந்தாங்க, அதைச் சொல்லத்தான் வாராவாரம் கூட்டிட்டு வரேன், வாய் வரமாட்டேங்குது.

சந்தேகப்பட ஒன்றும் மிச்சமில்லாமல் தவித்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன், டோரிஸ் வருகிறாள், பாதிக் காப்பியோடு என் கோப்பையை ஒதுக்கிவிட்டு, இப்படிக் கொடும்மா என்று தமிழிலேயே கை நீட்டுகிறேன், என்ன புரிந்ததோ, கூஜாவைக் கொடுத்துவிட்டாள், அவன் கோப்பைக்குள் கறுப்பாக விழுகிறது காப்பி, போதும்ப்பா என்கிறான், நான் நிறுத்தவில்லை.