சனிக்கிழமைகளில் கெட்டுப்போகும் கார்

சுந்தரமூர்த்தி வீட்டுப் புதுக் காருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. அது சனிக்கிழமைகளில் மட்டும் கெட்டுப்போனது. மற்ற நாட்களில் படு சமர்த்து. முதலில் ஒரு சனிக்கிழமை, கண்ணாடி துடைக்கத் தண்ணீர் பீச்சவில்லை. இன்னொரு சனிக்கிழமை ஹாரன் ஊமையானது. அதற்கப்புறம் ஒரு பக்கத்து ஹெட்லைட். வெள்ளிக்கிழமை காலையில் கண் முன்னால் எரிந்த விளக்கு மறுநாள் காலையில் எரியவில்லை என்றால், நடுவில் ஏதோ நடந்திருக்க வேண்டும். நடந்தது ஒன்றே ஒன்றுதான் என்று சுந்தரமூர்த்தி அடித்துச் சொன்னார். அவருடைய மனைவி ராதா அதை ஓட்டியிருந்தாள்.

ராதாவால் இதை மறுக்க முடியவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய எரிச்சல். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துகொண்டு, கண் முன்னால் இருக்கும் கணக்குக்கு விடை சொல்ல முடியவில்லையே என்று உள்ளுக்குள் பொருமினாள்.

கார் வாங்கியது இரண்டாயிரத்து ஒன்றில். திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் வந்து, நீலசந்திராவை ஒட்டிய ஒரு சந்தில் வாடகை வீடு பிடித்து, ஸ்கூட்டரிலேயே பாதி ஆயுளைக் கழித்த பிறகு வந்த கார். சுந்தரமூர்த்திக்கு ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. காலையில் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து அவரை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகையால் வாரம் முழுக்கக் கார் போர்ட்டிகோவில் உறை போர்த்தித் தூங்கியது. ராதாவோ இரண்டு பஸ் மாறி, ஒவ்வொரு பஸ்ஸிலும் யாரிடமாவது மிதிபட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கார் வருவதற்கு முன்பே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தவள் அவள்.

அவள் கேட்டாள். அவர் யோசித்தார். அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி யோசித்தார். கடைசியில், "சரி, வெள்ளிக்கெழம மட்டும் எடுத்துக்கோ. நல்ல நாளு" என்று அருள் பாலித்தார்.

அந்த வெள்ளிக்கிழமைகள் ராதாவுக்கு உயிர். காரோடு கொடுத்த புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்து, எந்தப் பொத்தான் எதற்கு, எந்த விளக்கு எப்போது எரியும் என்று எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டாள். பானட்டை எப்படித் திறப்பது, உள்ளே எது எண்ணெய், எது தண்ணீர் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சுந்தரமூர்த்தி அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்ததற்கே கோபித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த பராமரிப்பு வேறு மாதிரியானது.

கோயிலுக்குக் கூட்டிப்போனால் வாசலில் நின்று செருப்புக்குக் காவல் இருக்கும் மனிதர் அவர். ஆனால் கார் வாங்கியதும் கோயில் வாசலில் ஐயர் போட்ட பூஜையைப் பார்த்தாரோ இல்லையோ, அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு நாலு சக்கரத்துக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். கண்ணாடிக்கு ஊதுபத்தி. பிறகு மஞ்சள் தடவிய பச்சரிசியைக் கை நிறைய அள்ளி, வைப்பர் இருக்கும் இடத்திலிருந்து பானட் முழுக்க அட்சதையாகத் தூவி, வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். தூவியதைத் துணியால் மேலாகத் தட்டிவிட்டு, பிறந்த குழந்தையைத் தூக்கிக் கொடுப்பதுபோலச் சாவியை ராதாவிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்.

ஹெட்லைட் போன சனிக்கிழமை, நீலசந்திரா மெயின் ரோட்டிலிருக்கும் மெக்கானிக் இலியாஸிடம் காரைக் காட்டிவிட்டுத் திரும்பியவர், மாடியில் குடியிருக்கும் சந்தானத்திடம் தெருவில் நின்றே புலம்பினார்.

"ஒயர் கட்டாயிருக்காம் சார். வண்டிக்கு அடியில படுத்தே ஜாயிண்ட் போட்டுக் குடுத்தான். இவ ஓட்டினா மறுநாளு ஏதாவது ஒண்ணு போயிடுது."

சந்தானத்திடம் கார் கிடையாது. அபிப்பிராயங்கள் நிறைய உண்டு. "லேடீஸ் ஓட்டினா கிளச் போகும்னு கேள்விப்பட்டிருக்கேன் சார். ஹாரன் போறத இப்பதான் கேக்கறேன்" என்றார்.

ஜன்னல் வழியாக இதைக் கேட்ட ராதாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சுந்தரமூர்த்தி உள்ளே வந்து தீர்ப்பையும் சொன்னார். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, சாவி என்கிட்டயே இருக்கட்டும் ராதா. பஸ்தான் இருக்கே."

அந்த வாரம் முழுக்க அவள் மண்டையைக் குடைந்துகொண்டாள். ஹாரனை அழுத்தி அழுத்தி அடிக்கிறேனோ? அல்சூர் பக்கத்துப் பள்ளங்களில் இறங்கி ஏறும்போது ஏதாவது கழன்றுகொள்கிறதோ? பள்ளிக்கூட மரத்தடியில் நிறுத்துகிறோமே, பிள்ளைகள் எதையாவது இழுக்கிறார்களோ? மாற்றி மாற்றி யோசித்ததில் தன் கைகால்கள் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்று நினைத்த நிமிஷம் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் டீச்சர் புத்தி விழித்துக்கொண்டது. ஒன்றால்தான் இன்னொன்று நடக்கிறது என்றால், அந்த ஒன்றை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டியதுதானே?

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் பூஜை நடந்தது. வழக்கம்போலச் சாவி கைமாறியது. சுந்தரமூர்த்தி பஸ் ஏறியதும், ராதா காருக்கு மறுபடி உறையைப் போர்த்தி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.

காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் லாவண்யா வாசலுக்கே ஓடி வந்தாள். "அம்மா, கார் எடுக்கல?"

"இன்னிக்கு அதுக்கு லீவு. அப்பாகிட்ட மூச்சு விடாத."

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாளைக்குக் கார் நன்றாக இருந்தால்? தொடாத வாரம் கெடவில்லை என்றால், தொட்ட வாரம் கெடுத்தது தான்தான் என்று தானே நிரூபித்ததாகிவிடும். அப்புறம் யாரிடம் போய் நியாயம் கேட்பது? அன்றைக்குக் கரும்பலகையில் போட்ட கணக்கில் பிள்ளைகளே தப்புக் கண்டுபிடித்தார்கள்.

சனிக்கிழமை காலை ஜான்சன் மார்க்கெட்டுக்குப் போக சுந்தரமூர்த்தி உறையை விலக்கி ஏறி உட்கார்ந்தார். ராதா வாசற்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாவியைத் திருகினார். டிக் என்றது. மறுபடி திருகினார். டிக். அவ்வளவுதான். கார் கிளம்பவே இல்லை.

ராதா கையைத் தட்டிச் சிரித்துவிட்டாள்.

"வண்டி செத்துக் கெடக்கு, ஒனக்கு என்னடி சிரிப்பு?" அவர் முகம் சிவந்து இறங்கினார். "நேத்து என்ன பண்ணின?"

"நேத்து நான் இதத் தொடவே இல்லீங்க. பஸ்ஸுலதான் போனேன். லாவண்யாவக் கேளுங்க."

லாவண்யா உள்ளிருந்தே, "ஆமாப்பா, தொடல" என்று குரல் கொடுத்தாள். சுந்தரமூர்த்தி காரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் இறங்கிப் பயம் ஏறியது. "அப்ப தானாவா கெடுது? ஏதோ தோஷம் இருக்கும்போல. வர்ற வெள்ளிக்கெழம பெருசா பூஜை பண்ணிடறேன்."

பூஜை என்ற சொல்லைக் கேட்டதும் ராதா சிரிப்பை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை இந்தக் காருக்கு நடப்பது ஒன்றல்ல, இரண்டு. ஒன்றை நேற்று எடுத்தாயிற்று. மற்றது நேற்றும் நடந்தது. இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டு காரருகே போனாள். வைப்பருக்குக் கீழே, காற்றுப் போவதற்காக வரிசையாகச் சந்து விட்டிருப்பார்களே, அதில் ஒரு மஞ்சள் அரிசி செருகிக்கொண்டு நின்றது.

காருக்குள் கைவிட்டு பானட்டின் பிடியை இழுத்தாள். பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தாள். வாங்கின நாளிலிருந்து சுந்தரமூர்த்தி அதன் உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். பாட்டரியின் தலையில் மஞ்சள் அரிசி. அதன் இடுக்கில் பாதி தின்ற அரிசி, புழுக்கை. எங்கிருந்தோ கிழித்து வந்த பஞ்சு, துணி எல்லாம் சேர்ந்து மெத்தை மாதிரி ஒரு கூடு. பக்கத்தில் ஒயர்கள் தோல் உரிந்து, செம்புக் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கூட்டுக்குள்ளிருந்து கொழுத்த எலி ஒன்று நிதானமாகத் தலையைத் தூக்கி வீட்டுக்காரர்களைப் பார்த்தது. பிறகு ஒரே தாவலில் சுந்தரமூர்த்தியின் காலில் குதித்து, அவர் போட்ட கூச்சலில் மிரண்டு சாக்கடைப் பக்கம் ஓடி மறைந்தது.

"வாராவாரம் விருந்து வச்சிருக்கீங்க. மேல துணியப் போத்தி, குளிராம படுக்க எடமும் குடுத்திருக்கீங்க. அது வேற எங்க போகும்?" என்றாள் ராதா.

படியில் ஏறி நின்றுகொண்டிருந்த சுந்தரமூர்த்தி இறங்கவில்லை. "நான் சாமிக்குப் போட்டேன்" என்றார் மெதுவாக.

ராதாவுக்கு ஜெயித்த வேகத்தில் இன்னும் நாலு வார்த்தை கேட்கத்தான் நாக்கு துடித்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "கோயிலுக்குள்ளயே வராத ஆளு நீங்க. அப்படி என்னதான் வேண்டிக்கிட்டீங்க?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு."

"வண்டிக்கு. எனக்கு?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை போலப் பார்த்தார். "நீயும் உள்ளதானே இருக்க."

சிரிப்பதா, தலையில் ஒன்று போடுவதா என்று ராதாவுக்குத் தெரியவில்லை. அவள் ஓட்டிக்கொண்டு போகும் வெள்ளிக்கிழமைகளில் இந்த மனிதர் ஹெப்பகோடியில் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்திருக்கிறார். அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. பழியை மட்டும் தெருவில் நின்று சொல்லத் தெரிந்திருக்கிறது. மனம் இளகியது உண்மை. கோபம் போகவில்லை என்பதும் உண்மை.

சொல்லி அனுப்பியதும் இலியாஸ் பையோடு வந்து குனிந்தான். புது ஒயர் போட ஆரம்பித்த சமயத்தில் மாடி பால்கனியில் சந்தானம் பல் குச்சியோடு தோன்றினார்.

"என்ன சார், மறுபடியும் மேடம் கைவரிசையா?"

இலியாஸுக்குக் காபி கொண்டு வந்த ராதா கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். எலி எப்படி வந்தது என்று கண்டுபிடித்தாயிற்று. இவர் என்ன சொல்லப் போகிறார் என்பதுதான் இப்போது அவளுக்குத் தெரிய வேண்டும். லோட்டா கையைச் சுட்டது. அவள் நகரவில்லை.

"எலி சார்" என்றார் சுந்தரமூர்த்தி.

"எலியா!" சந்தானம் கம்பியில் சாய்ந்துகொண்டார். "அதான் பாருங்க. மேடம் ஸ்கூல்ல மரத்தடியில நிறுத்தறாங்கன்னு சொன்னீங்களே, அங்கேர்ந்துதான் ஏறியிருக்கும். எனக்கு அப்பவே சந்தேகம்."

எவ்வளவு வசதியான வழி. சுந்தரமூர்த்தி 'ஆமாம்' என்று தலையை ஆட்டினால் போதும். ஆட்டவும் வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். அவர் சும்மாதான் இருந்தார். இலியாஸின் ஸ்பானர் கீழே விழுந்தது, அவர் அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தார். இத்தனை கண்டுபிடித்தும் இவ்வளவுதானா என்று ராதா உள்ளே திரும்பப் போனாள்.

"இல்ல சார்." அவர் குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. எதிர்வீட்டு உஷா கோலம் போடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஸ்கூல்லேர்ந்து வரல. நான்தான் வாராவாரம் அரிசி போட்டு வளத்தேன். பூஜைன்னு. அவ ஓட்டினதுல ஒரு திருகாணி கூட கெடல சார். நேத்து அவ வண்டியத் தொடவே இல்ல, நேத்தும் கெட்டிருக்கு. ஒங்ககிட்ட அவளப் பத்திச் சொன்னதெல்லாம் தப்பு."

சந்தானம் பல் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அவரிடம் இதற்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. உள்ளே போனார்.

ராதா கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். காபியைக் கொடுக்கும்போது கணவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. இலியாஸ் பானட்டைச் சாத்தி, "ஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்றான்.

சுந்தரமூர்த்தி சாவியை அவளிடம் நீட்டினார். "நீ எடு. மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்."

"இன்னிக்கு சனிக்கெழமைங்க."

"அதனால என்ன?" என்று சொல்லிவிட்டு, அவர் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.