ஜெய்ப்பூர் போகிற வழியில் கோல் மார்க்கெட்

இருபத்தேழு வருஷம் டெல்லியில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்துவிட்டு, மகன் ஜெயசீலன் பின்னாலேயே நியூசிலாந்துக்குப் போய், அங்கேயே குடியுரிமையும் வாங்கிக்கொண்டவர்கள் அழகர்சாமியும் சாந்தகுமாரியும். இந்தத் தடவை இந்தியாவுக்கு வர விசா எடுக்க வேண்டியிருந்தது. விமான நிலையத்தில் வெளிநாட்டினர் வரிசையில் நின்றபோது சாந்தகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. அழகர்சாமிக்கு வரவில்லை. பாஸ்போர்ட்டை அட்டை தெரியாதபடி சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் காரில் சுற்றுவது என்ற யோசனை அவருடையதுதான். "அத்தனை வருஷம் டெல்லியில இருந்தோம். லீவு விட்டா போதும், மேலூருக்கு ரயில் ஏறிட்டோம். பக்கத்துல இருக்க ஜெய்ப்பூரைக்கூடப் பாக்கலையே சாந்தா" என்று நாலு மாதமாக அரித்தெடுத்தார். எழுபத்து நாலு வயதில் எதற்கு இத்தனை அவசரம் என்று அவள் கேட்டதற்கு, "எழுபத்தஞ்சு ஆயிருமில்ல" என்றார்.

ஆனால் கார் ஓட்டுவது சாந்தகுமாரி. அவருக்கு இடது கண்ணில் நீர் அழுத்தம். பார்வை பாதியாகிவிட்டது, இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பு டாக்டர் சொல்லிவிட்டார். அறுபத்தோரு வயதில் கார் கற்றுக்கொண்டு, மூன்று தடவை தோற்று, நாலாவது தடவை லைசன்ஸ் வாங்கியவள் அவள். டெல்லியில் அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போன காலத்தில், நானும் ஓட்டிப் பழகுகிறேனே என்று ஒரு முறை கேட்டாள். "இந்த டிராஃபிக்லயா?" என்ற ஒற்றைக் கேள்வியோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிருந்தது.

கண் விஷயத்தை அவர் யாரிடமும் சொல்வதில்லை. அவரோடு வேலை பார்த்த ராஜவேலின் மயூர் விஹார் வீட்டில் இரண்டு நாள் தங்கினார்கள். கிளம்புகிற அன்று காலையில், வாடகைக் காரின் சாவியைச் சாந்தகுமாரி கையில் பார்த்ததும் ராஜவேலின் மனைவி இளவரசி கன்னத்தில் கை வைத்தாள்.

"என்னக்கா, அண்ணனை ஓரங்கட்டிட்டு நீங்களே சீட்டைப் பிடிச்சிட்டீங்க?"

"அவளுக்கு ஆசையா இருக்கு, ஓட்டட்டும்" என்று அழகர்சாமி பெருந்தன்மையாகச் சிரித்தார்.

சாந்தகுமாரிக்குச் சுருக்கென்றது. வண்டியை எடுத்தாள்.

யமுனையைத் தாண்டியதும் அவர் ஆரம்பித்தார். "ஜெய்ப்பூருக்கு அஞ்சு மணி நேரந்தான். போறதுக்கு முந்தி கோல் மார்க்கெட் பக்கம் ஒரு அஞ்சு நிமிஷம். நம்ம பிளாக்கை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருவோம்."

"போனைப் போடுங்க. அதுல வழி சொல்லும்."

"அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன்."

அவர் சொன்ன வழியில் இரண்டு இடத்தில் மேம்பாலம் முளைத்திருந்தது. ஓரிடத்தில் போக வேண்டிய தெரு ஒருவழிப் பாதையாகியிருந்தது. நியூசிலாந்தில் அவர்கள் இருக்கிற ஹாமில்டனில் ஒரு வாரத்தில் கேட்கிற ஹாரன் சத்தத்தை அரை மணி நேரத்தில் கேட்டு முடித்திருந்தாள் சாந்தகுமாரி. சாலையின் இடது பக்கம் ஓட்டுகிற வழக்கம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான் என்பது ஒன்றே அவளுக்கு ஆறுதல். முதுகில் வியர்த்தாலும் உள்ளுக்குள் ஒரு குஷி இருக்கத்தான் செய்தது. இந்தத் தெருக்களில் இத்தனை வருஷம் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே போனவள் அவள்.

எட்டு மணிக்கு கோல் மார்க்கெட் வந்து சேர்ந்தார்கள். குவார்ட்டர்ஸ் பக்கம் போகிற தெருவுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். ஓரத்தில் ஒரு வேன் மறைத்துக்கொண்டு நின்றது.

"அந்தப் பக்கம் யாராச்சும் வர்றாங்களா, பாருங்க."

அவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். "காலி, காலி. திருப்பு."

திருப்பினாள். டொம் என்று ஒரு சத்தம். கண்ணாடிக்குக் கீழே ஒரு சைக்கிள் சாய்வதையும் ஒரு கை மேலே போவதையும் பார்த்தாள்.

இறங்கி ஓடியபோது அந்த ஆள் எழுந்து உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதிருக்கும். முழங்கை சிராய்த்திருந்தது. அதைத் தவிரப் பெரிய அடி இல்லை. சைக்கிளின் முன் சக்கரம்தான் கோணலாகிவிட்டது. பின்னாலிருந்த பெரிய துணி மூட்டை அவிழ்ந்து, இஸ்திரி போட்ட சட்டைகளும் பேன்ட்டுகளும் சின்னச் சின்னக் கட்டுகளாகத் தெருவில் கிடந்தன. அவன் தன் கையைப் பார்க்கவில்லை, தவழ்ந்து தவழ்ந்து துணிகளைத்தான் பொறுக்கினான்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "இந்த வயசுல ஆன்ட்டிக்கு யார் கார் கொடுத்தது?" என்று ஒருவர் இந்தியில் கத்தினார். "ஓட்டத் தெரியாட்டி வீட்ல இருக்க வேண்டியதுதானே" என்றது இன்னொரு குரல்.  சாந்தகுமாரிக்குச் சரளமாக வருகிற இந்தி அந்த நேரத்தில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

கார்க் கதவைப் பிடித்தபடி அழகர்சாமி நடுவில் வந்து நின்றார்.

"அவளைச் சொல்லாதீங்க" என்று இந்தியில் உரக்கச் சொன்னார். "அவ என்கிட்டக் கேட்டா. நான்தான் காலின்னு சொன்னேன். எனக்கு இடது கண்ணு சுத்தமாத் தெரியாது. நாலு மாசமாச்சு. தெரியாததைத் தெரியுதுன்னு சொல்லிட்டேன். தப்பு என்மேல."

கூட்டம் அடங்கியது. கத்தியவர், "சரி அங்கிள்ஜி, சரி" என்று முனகிவிட்டு ஒரு பேன்ட்டைப் பொறுக்கித் தட்டிக் கொடுத்தார்.

சாந்தகுமாரி தன் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதி தெரிகிறது என்றல்லவா நினைத்திருந்தாள்? தினமும் ராத்திரி மருந்து விடுகிறவள் அவள். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், நீ எதற்கு அலைகிறாய் என்று சொல்லிவிட்டு, தனியாக பஸ் ஏறிக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். வந்து, "எல்லாம் அப்படியேதான் இருக்கு" என்றார். பயணப் பேச்சு ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

கேட்க வேண்டியது நெஞ்சு முட்ட இருந்தது. ஆனால் அந்த ஆள் அழுகிற குரலில் பேசிக்கொண்டிருந்தான். அவன் பெயர் பூல்சந்த். சைக்கிள் கிடக்கட்டும், ஒன்பது மணிக்குள் இந்தத் துணியெல்லாம் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும், ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகிற துணி, போகாவிட்டால் நாளைக்கு வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்றான்.

சாந்தகுமாரிக்கு இந்தி திரும்பி வந்தது. "பையா, எல்லாத்தையும் கார்ல வை. ஜல்தி."

சிராய்ப்பைக் கழுவித் தன் கைக்குட்டையால் கட்டிவிட்டாள். சைக்கிளை ரிப்பேர் கடையில் விட்டுவிட்டு, பின்சீட்டில் பூல்சந்தையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். அழுக்கான இரண்டு சட்டையை மட்டும் தனியே வைத்தார்கள்.

ஒவ்வொரு கட்டிலும் வீட்டு நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு இருந்தது. பூல்சந்த் நம்பரைச் சொன்னதுமே அழகர்சாமி முந்திக்கொண்டார். "அது தண்ணி டேங்க் பக்கத்து பிளாக், மாடி. அதுக்கு முந்தி இந்தப் பதினாறைக் குடுத்துட்டுப் போயிரலாம்." டெல்லியின் சாலையெல்லாம் மாறியிருந்தாலும் குவார்ட்டர்ஸின் நம்பர்கள் மாறவில்லை. அவர் சொன்னபடி வரிசை போட்டதில் ஒரு சுற்று மிச்சமானது. பூல்சந்த் நொண்டிக்கொண்டு கீழ்வீடுகளுக்குப் போனான். மாடி வீடுகளுக்கு அழகர்சாமியே கிளம்பினார்.

"நீங்க இருங்க" என்றாள் சாந்தகுமாரி.

"கண்ணுதான் ஒண்ணு இல்லை. காலு ரெண்டும் இருக்கு."

அவள் காரைப் பூட்டிவிட்டு அவருக்கு இடது பக்கமாக வந்து படியேறினாள்.

கடைசிக் கட்டில் இருந்த நம்பர் முப்பத்தெட்டு. அதைப் பார்த்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயசீலன் பிறந்து வளர்ந்த வீடு. அழகர்சாமி மணியை அழுத்தினார். ஈரத் தலையில் துண்டு கட்டிய ஓர் இளம்பெண் கதவைத் திறந்தாள். ஒரு கையில் போன், வாயில் பல் பிரஷ்.

"புது ஆளா? ஒன்பது ஆகப்போகுது! இந்த நீலச் சட்டைக்காக நான் எவ்வளவு நேரமாக் காத்திருக்கிறது?" என்று பொரிந்துவிட்டுக் கட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஸாரி மேடம்" என்றார் அழகர்சாமி. மத்திய அரசில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்த குரல், அத்தனை பணிவாக.

சாந்தகுமாரி வாயைத் திறந்தாள். இது எங்கள் வீடு, உள்ளே தெரிகிற அந்த அலமாரி நாங்கள் போட்டது என்று சொல்ல வந்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக அழுத்தினார். கதவு சாத்திக்கொண்டது.

"ஏன், சொன்னா என்ன?"

"அந்தப் பிள்ளைக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு. நம்ம கதையைக் கேக்கவா நிக்கும்?"

நாலு படி இறங்குவதற்குள் சாந்தகுமாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஸாரி மேடமாம்!" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு? தெருவுல போறவங்ககிட்டச் சொல்றீங்க."

அவர் தரையைப் பார்த்தார். "சொன்னா நீ டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிருவே. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்துக்கிட்டு அலைவே. வலது கண்ணு நல்லாத்தான் இருக்கு. மருந்தை விடாமப் போட்டா அது நிக்கும்னுதான் டாக்டர் சொன்னார். ஆனா இடது கண்ணையும் முதல்ல அப்படித்தானே சொன்னாங்க? அதான், இருக்கும்போதே நாலு ஊரைப் பாத்துரலாம்னு."

"இளவரசிகிட்ட என்னைப் பெரிய ராங்கிக்காரி மாதிரி காட்டுனீங்களே, அது?"

"அது தப்பு" என்றார் உடனே. "காலையில நீ வண்டியை எடுத்தப்ப உன் முகத்தைப் பாத்தேன். அப்பவே தெரிஞ்சிருச்சு."

"முகம் மட்டும் தெரியுதோ?"

"எனக்கு வலது பக்கம்தான தெரியுது. கார்ல வலது பக்கம் நீ உக்காந்திருக்கே. பன்னிரண்டு நாளும் ஊரைப் பாக்கப்போறேனோ இல்லையோ, உன்னையத்தான் பாத்துக்கிட்டு வரணும்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பேச்சுக்கொண்ணும் குறைச்சல் இல்ல" என்றாள். கோபம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் எழுந்திருக்கும்போது அவருக்குக் கை கொடுத்தாள்.

பூல்சந்தின் மனைவி வேப்ப மரத்தடி இஸ்திரி மேஜை பக்கத்தில் இஞ்சி டீ போட்டுக் கொடுத்தாள். கட்டுப் போட்ட முழங்கையைப் பார்த்து அவள் திட்டியது புருஷனைத்தான், "முன்னால பாத்துப் போறதில்லையா?" என்று. பூல்சந்த், காரில் போய்த் துணி கொடுத்தவன் இந்த ஏரியாவிலேயே நான்தான் என்று பெருமையடித்துக்கொண்டான். சைக்கிள் சக்கரம் நிமிர்ந்து வந்ததைப் பார்த்து, ஓட்டிக் காட்டச் சொல்லித் திருப்தியான பிறகுதான் சாந்தகுமாரி புறப்பட்டாள். அப்போது மணி பதினொன்று.

குர்கான் நெரிசலைத் தாண்டவே ஒன்றரை மணி நேரமானது. இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் அவளே எட்டிப் பார்த்தாள். மூன்று மணிக்கு நெடுஞ்சாலையோர தாபா ஒன்றில் நிறுத்திச் சாப்பிட்டார்கள். ஓட்டி அலுத்துவிட்டது, இன்றைக்கு ஜெய்ப்பூர் வேண்டாம், பக்கத்தில் எங்காவது அறை எடுத்துக்கொள்ளலாம் என்று அவள்தான் முடிவு செய்தாள். 

பரோட்டாவில் வெண்ணெய் தடவிக்கொண்டே அவர் தன் பட்டியலை மேஜைமேல் விரித்தார். ஜெய்ப்பூர், அஜ்மீர், ஜோத்பூர், ஜெய்சல்மேர். பூராவும் அவர் கையெழுத்து. சாந்தகுமாரி பட்டியலைத் தன் பக்கம் திருப்பிவைத்து, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"ஜெய்சல்மேரை எடுத்துரலாம். ரொம்பத் தூரம். எனக்கு உதய்ப்பூர் போகணும்."

"உதய்ப்பூரா? நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே. அங்க ஏரி இருக்கு. எனக்குப் படகுல போகணும்."

அவர் பட்டியலைப் பார்த்தார், பிறகு தலையை முழுக்கத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"அச்சா" என்றார். "எழுது."