மிச்சம் பிடித்தவளின் பங்கு

மேகங்களை ஆராய்கிறவளுக்குக் கூடப்பிறந்த அக்காள்தான் பல்கலைக்கழகக் கணினிக்கூடத்துக்குத் தலைவி. இருவர் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர்தான். இப்படி அதிர்ஷ்டம் யாருக்கு வாய்க்கும் என்று மற்றவர்கள் வயிறெரிந்தார்கள். பாவம், அவர்களுக்கு அக்காள்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கணினிக்கூடத்தின் மின்சாரத்துக்கு மேலிடம் வரம்பு கட்டியபோது, அக்காள் நேராகத் தங்கையின் மேசைக்குத்தான் வந்தாள்.

"உன் புரோகிராம் கரண்டை மடக்கு மடக்குனு குடிக்குது. கொஞ்சம் சுருக்கிக் கொடேன். மத்தவங்களும் உன்னைப் பார்த்துக் கத்துக்கட்டும்."

தங்கை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சுருக்கினாள். ஒரே கணக்கை இரண்டு தடவை போடும் இடங்களைத் தேடி வெட்டினாள். சும்மா காத்துக் கிடந்த எந்திரங்களைத் தூங்க வைத்தாள். அந்தப் பருவம் முழுக்க விடுமுறை கிடையாது, சினிமா கிடையாது, உயிர்த்தோழியின் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. கடைசியில் அதே மேகம், அதே மழை, பாதி மின்சாரத்தில் கணக்காகி வந்தது. அவளுக்கு ஒதுக்கிய கணினி நேரத்தில் பாதி மிச்சம்.

அடுத்த பருவத்தில் அவளுக்குப் பெரிய ஓட்டம் ஒன்று காத்திருந்தது. முழு மழைக்காலத்தையும் ஒரே மூச்சில் கணக்கிட வேண்டும். அதற்கு அவளுடைய முழுப் பங்கும் வேண்டும். அது முடிந்தால்தான் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அடுத்த பருவத்துக்குப் பங்கு பிரிக்கும் கூட்டத்தில் அக்காள் முதலில் தங்கையைப் பாராட்டி எல்லோரையும் கைதட்ட வைத்தாள். பிறகு பங்குகளைச் சொன்னாள். தங்கைக்குப் பாதிதான். வெட்டிய பாதி ஜம்பத்துக்கு. ஜம்பம் என்பது நட்சத்திர ஆராய்ச்சிக்காரருக்கு ஊரே வைத்த பெயர். பங்கு குறைந்துவிடக் கூடாது என்று போட்ட கணக்கையே திரும்பத் திரும்ப ஓட்டுகிற ஆசாமி. இது அக்காளுக்கும் தெரியும்.

"இந்தப் பருவத்துல இதுவரைக்கும் யார் எவ்வளவு செலவழிச்சாங்களோ, அதை வெச்சுத்தான் பங்கு. அதுதான் விதி," என்றாள் அக்காள், தங்கையின் பக்கம் திரும்பாமல்.

தங்கை அவளை வராந்தாவில் மடக்கினாள்.

"என்கிட்ட சுருக்கச் சொல்லும்போதே இந்த விதி உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும். எங்கயாவது வெட்டித்தானே ஆகணும்? ஜம்பத்து மேல கை வெச்சா துணைவேந்தர் வரைக்கும் போவாரு. நீ புரிஞ்சுப்பே. என் தங்கச்சியாச்சே."

"என் ஓட்டம் பாதியில நின்னுடும்."

"இன்னும் கொஞ்சம் சுருக்கிப் பாரு. உனக்குக் கைவந்த கலைதானே."

தங்கை திரும்பி நடந்தாள். இது பச்சைத் துரோகம். வேறு யாராவது செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். சின்ன வயதில் வீட்டில் பரிமாறியதும் அக்காள்தான். போதும் என்று சொன்ன தங்கையின் தட்டை அப்புறம் அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மிச்சமெல்லாம் கேட்டு அழுத தம்பிக்குப் போகும். அக்காள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அன்றும் நம்பினாள். இத்தனை வயதுக்கு அப்புறமும் நம்பியதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

பருவம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. மிச்சம் பிடித்த நேரம் அப்படியே இருந்தது. அடுத்த பருவத்துக்கு அதைக் கொண்டுபோக முடியாது. தங்கை மேசைக்குப் போய், சுருக்குவதற்கு முந்தைய பழைய தீனிப்பண்டார புரோகிராமைத் தேடி எடுத்து ஓட விட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த எந்திரங்களின் விசிறிகள் ஒவ்வொன்றாக இரைந்தன. உடனே போன் வந்தது.

"என்ன ஓட்டுறே?"

"போட்ட கணக்கைத்தான் திரும்பப் போடுறேன்."

"எதுக்குடி? வீண் செலவு."

"செலவுதான்க்கா. அடுத்த கூட்டத்துல மறக்காம சேர்த்துக்கோ."

அக்காள் நினைத்தால் உட்கார்ந்த இடத்திலேயே அதை நிறுத்தியிருக்கலாம். ஆனால் விதிப்படி அந்த நேரம் தங்கையுடையது. போனைக் காதில் வைத்தபடி கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு பருவம் முழுக்கப் பாடுபட்டுச் சேமித்ததெல்லாம் கண்ணெதிரே வீணாவதைத் தங்கையால் பார்க்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது பழக்க தோஷத்தில் மேசை விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.