இரவல் விரல்

சன்னாசியின் சீனி பார்க்கும் மெஷினில் ஏறிய ரத்தம் சன்னாசியுடையதல்ல, அவன் மனைவி குமுதாவுடையது.

செமோரிலிருந்து ஈப்போவுக்கு ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவன் அவன். சீனி கண்டபடி ஏறிக் கிடந்தால் லைசென்சுக்கு டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார். அரசாங்க கிளினிக்கில் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, மெஷினில் கடைசி ஒரு மாத நம்பரை மட்டும் தட்டிப் பார்க்கும் ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்திருந்தான். வாயைக் கட்டுவதா? ரொட்டி சானாய் கடையைக் கண்டால் பஸ் தானாக ஓரங்கட்டும். ஆகவே ஒன்றரை வருஷமாகக் காலையில் குமுதாவின் விரலில்தான் குத்தினான். அவன் குத்தி முடிக்கும்வரை அவள் ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கக்கூடாது. புருஷன் பிழைப்பாயிற்றே என்று அவளும் நீட்டினாள், பைத்தியக்காரி. நம்பர் என்ன என்று கேட்டால், "நல்லாதான் இருக்கு லா" என்பான்.

தைப்பூசம் முடிந்த வாரம், குத்தியவன் மெஷினையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இனிமே ஒன் வெரல் வேணாம் குமுதா. நானே வாயக் கட்டிக்கிட்டு என் வெரல்லயே பாத்துக்கிறேன்."

அன்று அவனே தே கலக்கிக் கொடுத்தான். டின்பால் தாராளமாக ஊற்றியிருந்தான். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல் தே அது. குமுதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவள் கால் பெருவிரலில் புண் வந்தது. வலிக்கவுமில்லை, ஆறவுமில்லை. கிளினிக் போகலாமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

"செருப்புக் கடி லா. மஞ்சளப் போடு, போயிரும்."

பினாங்கில் வேலை பார்க்கும் மகள் புனிதா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மேசையில் கிடந்த மெஷினைத் தட்டிப் பார்த்தாள்.

"ம்மா, அப்பாவுக்கு பதினாறு புள்ளி எட்டு இருந்திருக்கு! ஏழத் தாண்டுனாலே சீனி வியாதிம்மா. மறுநாளு அஞ்சு புள்ளி ஒண்ணு. ஒரே ராத்திரில எப்படி எறங்கும்?"

"பதினாறு என்னைக்கு?"

புனிதா தேதியைச் சொன்னாள். தே கலக்கிக் கொடுத்த நாள். குமுதாவின் கை தானாகச் சேலைக்குள் ஒளிந்துகொண்டது.

"அது ஒங்கப்பா ரத்தம் இல்ல. என்னுது."

சன்னாசி குளித்துவிட்டுத் துண்டோடு வந்தான். வெட்கப்படுவான் என்று குமுதா நினைத்தாள். மகள் கையில் மெஷினைக் கண்ட அவன் முகத்தில் எரிச்சல்தான் இருந்தது.

"இப்ப யாரு வெரல்ல குத்துறீங்க?"

"கூட பஸ் ஓட்டுற தர்மேந்திரன் குடுக்குறான். அதுக்கென்ன இப்ப?"

"எனக்கு ஏறிருச்சுன்னு தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னா கிளினிக் போவணும்னு நிப்ப. வெரல்ல ஏன் இத்தன குத்துன்னு கேப்பாங்க. ஒனக்குப் பொய் வராது, எல்லாத்தயும் கக்கிருவ. என் லைசென்ஸ் என்னாவுறது? நாளைக்கி மெடிக்கல். அது முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா தேயும் கலக்கிக் குடுத்தீங்க?"

"ஒன்றர வருஷம் காலையில தே குடிக்காம கெடந்தியே. பாவமா இருந்துச்சு."

புனிதா தாயின் காலிலிருந்த துணியைப் பிரித்தாள். விரல் கறுத்திருந்தது. மகள் அழுத்திப் பார்த்தது குமுதாவுக்குத் தெரியவேயில்லை. அந்த நிமிஷமே கிரேப் டாக்சி கூப்பிட்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில், விரலை எடுக்கும் ஆபரேஷனுக்கு முன்னால், வார்டு நர்ஸ் மிஸ்ஸி எழுதுவதற்கு ஃபைலைத் திறந்தாள்.

"இவ்ளோ சீனி வச்சுக்கிட்டு, ஒரு நாளாவது பாக்கலயாம்மா?"

"தெனமும் பாத்தோம் மிஸ்ஸி. ஒன்றர வருஷமா."

"அப்ப மெஷின் எங்க?"

"எங்க வீட்டுக்காரருகிட்ட இருக்கு," என்றாள் குமுதா. "மெடிக்கலுக்குக் கொண்டு போயிருக்காரு."