டாப் கொடுத்த வாக்கு

மூடிய கதவுக்கு வெளியே கோரி ஹன்ஸாக்கர் தொப்பியைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே ராணுவ வழக்கறிஞர்கள் சார்ஜென்ட் மாப்ரியை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். தான் சாட்சியா, குற்றவாளியா என்பது அவர் சொல்லப்போகும் பதிலில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்.

படைக்குடியிருப்பின் குளியலறையில் சார்ஜென்ட் டாய்ல் புதுச் சிப்பாய் ஒருவனை அடித்தபோது கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டிருந்தவன் கோரி. அடிபட்டவன் பிழைக்கவில்லை. மறுநாள் படைப்பிரிவின் மூத்த சார்ஜென்ட் மாப்ரி கோரியைக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். விடுப்பு, காவல், தண்டனை எதுவானாலும் அவர் சொன்னதுதான் நடக்கும். எல்லோரும் அவரை 'டாப்' என்றே கூப்பிடுவார்கள்.

"எல்லாத்தையும் கொட்டிடு. உன்மேல ஒரு கீறல் விழாது" என்றார். கோரி கொட்டினான், கையெழுத்தும் போட்டான்.

அவனுக்காக வாதாட வந்த கேப்டன் பெக் இதைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தாள்.

"டாப் லீவு குடுப்பார், ஹன்ஸாக்கர். வழக்குலேர்ந்து விலக்கு குடுக்க ஜெனரலாலதான் முடியும், அதுவும் எழுத்துல" என்றாள்.

ஒரே ஒரு வழி இருந்தது. வாக்குக் கொடுத்ததையும், பேசாமலிருக்க உனக்கு உரிமை உண்டு என்று முதலில் எச்சரிக்காததையும் மாப்ரி ஒப்புக்கொண்டால், அந்த வாக்குமூலம் செல்லாது. ஆனால் அவர் ஓய்வுபெறும் நேரம். ஒப்புக்கொண்டால் அவர் கதி என்னவாகுமோ.

உள்ளே போகும்போது மாப்ரி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. பூட்ஸ் கயிறு, முடி, ஏதாவது ஒன்றைக் குத்திக்காட்டாமல் அவர் யாரையும் கடந்துபோனதில்லை. கைவிட்டுவிட்டார் என்றே கோரி நினைத்தான்.

கதவு திறந்தது. சாம்பல் பூத்த முகத்தோடு மாப்ரி அவன் முன்னால் நின்றார்.

"தொப்பி தலைல வைக்கிறதுடா. ஈரத்துணின்னு நெனச்சியா?"

பழையபடி குத்திக்காட்டுகிறார் என்றால், ஒப்புக்கொண்டுவிட்டார். பதிலுக்குக் காத்திராமல் அவர் நடந்துவிட்டார்.

பின்னாலேயே பெக் வந்தாள். வாக்குமூலத்தை ஒதுக்கிவிட்டார்கள், இப்போதைக்கு அவன்மேல் வழக்கில்லை என்றாள். ஜெனரலின் விலக்குக் கடிதம் வரும். அதோடு டாய்லுக்கு எதிராகச் சாட்சி சொல்ல உத்தரவும் வரும்.

"மாட்டேன்னு சொன்னா, மேடம்?"

"உத்தரவ மீறினதுக்கு உள்ள போவ."

கூண்டிலேறி அவன் சொல்வதை யாரும் அவன்மேல் திருப்ப முடியாது. மற்றவர்கள் சொல்வதை வைத்து அவன்மேல் வழக்குப் போடலாம். கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்பது டாய்லுக்கும் தெரியும்.

"டாய்ல் பேசிட்டாரா?"

"இன்னும் இல்ல" என்றாள் பெக்.

கோரி தொப்பியைப் பிரித்து நீவினான். கசங்கல் போகவில்லை.