எலிகளின் வைட்டமின்

குழாய் வழியாகக் களைக்கொல்லியை வயிற்றில் இறக்கும்போது எலி திமிறியது. பீய்ச்சியடித்த விஷம் ஆய்வக உதவியாளரின் வாய்க்குள்ளேயே போய்விட்டது. வைட்டமின் கொடுத்த எலிகள்தான் பிழைக்கின்றன என்று ஆய்வாளரான அவர் தங்கை சொல்லியிருந்தாள். வாயைக்கூடக் கொப்பளிக்காமல் அந்த வைட்டமின் புட்டியைத் திறந்து மடக்மடக்கென்று குடித்தார்.

"என்னண்ணே, எலியோட பங்கைக்கூட விட்டுவைக்க மாட்டியா?" என்று சிரித்துக்கொண்டே வந்த தங்கை, அவர் சட்டையில் வழிந்த விஷத்தைப் பார்த்து உறைந்துபோனாள்.

"வைட்டமின் குடிச்சிட்டேம்மா. பொழச்சுக்குவேன்ல?"

"அதுங்களுக்கு விஷம் குடுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வைட்டமின் குடுத்துட்டேண்ணே."

"அப்போ பின்னாடி குடிச்சா?"

"அதை நான் சோதிச்சுப் பாக்கலை. முதல்ல வாயைக் கழுவு."

டாக்டரிடம் காட்டக் களைக்கொல்லிப் புட்டியை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையால் அண்ணனை இழுத்தபடி வண்டிக்கு ஓடினாள்.