கூனிமலைக்கு ஓர் அசல் மாப்பிள்ளை

கூனிமலையில் மிஞ்சியிருந்த பதினோரு வரையாடுகளுக்கும் வரன் பார்க்கும் பொறுப்பு வனச்சரகர் திலகவதியுடையது. மலை விட்டு மலைக்கு ஆடு மாற்றுவதென்றால் சம்பந்தம் பேசாமல் முடியாது. இரண்டு ஊர்க்காரர்களும் பாயில் உட்கார்ந்து தாம்பூலம் மாற்ற வேண்டும்; மூத்த பெட்டையாடு தலையசைக்க வேண்டும்.

அவசரம் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாகவே ஈன்றதில், மூன்று வருஷமாகப் பிறந்த குட்டி எதுவும் எழுந்து நிற்கவில்லை. இந்தப் பருவமும் தவறினால் மலையில் பாறைதான் மிஞ்சும்.

செங்கல்மலையிலிருந்து வாட்டசாட்டமாக ஒரு கிடா வந்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். திலகவதிக்கு ஒரு பொய்கூட வராது. ரத்த அறிக்கையை அப்படியே சபையில் வாசித்தாள். 'நெருங்கிய சொந்தம்' என்று எச்சரித்துச் சிவப்பில் போட்டிருந்தது. சபை கைதட்டியது.

"அத்தை மகன்னு சொல்லுங்க! முறை இருக்கிறப்ப அசல்ல எதுக்கும்மா எடுக்கணும்?" என்றார் ஊர்த்தலைவர் பொம்மண்ணன்.

"சொந்தத்துல எடுத்துத்தான்யா குட்டி நிக்க மாட்டேங்குது."

"குட்டி நிக்காட்டி என்ன, மரியாதை நிக்குமில்ல?"

பெட்டையாடு மட்டும் தலையசைக்கவில்லை. விவரமான ஆடு. அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி ஒரு பெயரின்மேல் குளம்பை வைத்துத் தலையசைத்தது. எந்தச் சொந்தமும் இல்லாத ரத்தம் ஒன்றே ஒன்று: இருதயராஜ். கடற்கரை ஊர்க்காரன், திலகவதியின் புருஷன். ஒப்பிட்டுப் பார்க்க அவள்தான் அவனிடம் ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

"அசல்தான்," என்றார் பொம்மண்ணன். "ஆனா பொண்ணு தலையாட்டிருச்சே."

தாம்பூலம் மாறியது. சபையில் உட்கார்ந்திருந்த புருஷன் பக்கம் திலகவதி திரும்பினாள்.

"நீங்க போயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

"குட்டி நிக்கணும்ல, திலகா," என்று இருதயராஜ் ஸ்வெட்டரைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். இனி அது தேவைப்படாது.

மறுநாள் காலை சீர்த்தட்டோடு அவளுடைய அம்மா வந்தாள். அசலில் கட்டிக்கொண்டாள் என்று ஒன்பது வருஷமாக மகள் வாசலை மிதிக்காதவள். மகளைத் தாண்டிப் பாறையடிக்குப் போய், ஏறத் தொடங்கியிருந்தவனை முதல்முறையாக "மாப்பிள்ளை!" என்று கூப்பிட்டாள்.

அவன் நான்கு காலில் இறங்கி வந்து, தட்டிலிருந்த கல்லுப்பை நக்கினான்.